இவருடைய டைட்டானியம்

எங்கள் பதினைந்தாவது கல்யாண நாளுக்கு என் கணவர் எனக்கு ஒரு போல்ட் கொடுத்தார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. விரல் நீளத்தில் நீலமும் ஊதாவுமாக மின்னிய டைட்டானியம் போல்ட். சோடா உப்பு கரைத்த தண்ணீரில் போட்டு பாட்டரி கரண்ட் கொடுத்தால் அந்த நிறம் வருமாம். மரை கொஞ்சம் பிசகிவிட்டதால் அது காருக்கு உதவாமல் போயிற்று. அதனால்தான் எனக்கு வந்தது. பரீட்சைத் தாள்கள் பறக்காமல் இருக்க அதை மேல்வைத்துத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

இவர் பெயர் உதயசூரியன். போர்ட் பிளேரில் படகு ரிப்பேர் பட்டறை ஒன்றில் டர்னர், லேத்தில் உலோகம் கடைகிற வேலை. நான் விசாலாட்சி, தமிழ்ப் பிரிவில் ஐந்தாம் வகுப்புக்கு டீச்சர். வீடு புரோத்ராபூரில். எங்கள் ஒரே மகள் காவேரி மெயின்லேண்டில் படிக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர், ஒரு லேத் மிஷின், ஒரு கார். இதில் எனக்கு எத்தனையாவது இடம் என்று நான் கேட்பதை நிறுத்திப் பல வருஷமாகிறது.

கார் என்றால் கடைக்குப் போய் அரிசி வாங்கி வருகிற கார் இல்லை. அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்த பச்சை நிற ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே பேர் உட்காரலாம், மேலே கூரை கிடையாது. கம்பெனி பெயரைச் சொன்னால் இந்தத் தீவில் யாருக்கும் தெரியாது. தெரிந்த நாலு பேர் யூடியூப்பில் இவருக்கு நண்பர்கள். மரக் கம்பெனி மேனேஜர் ஒருவர் கல்கத்தாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த வண்டி அது. அவருக்கு டிரைவராக இருந்தவர் என் மாமனார். மேனேஜர் ஊரைவிட்டுப் போகும்போது வண்டியை மாமனாருக்கே கொடுத்துவிட்டார். மாமனார் அதைச் சிப்பிகாட்டில் இருந்த தன் நிலத்தில் ஷெட் போட்டு, பலகைமேல் ஏற்றி, முப்பது வருஷம் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் காப்பாற்றினார். அவர் போன மூன்றாம் வருஷம் சுனாமி வந்தது. சிப்பிகாட்டில் நிலமே கீழே இறங்கிவிட்டது. வண்டி மூன்று நாள் கடல் தண்ணீருக்குள் கிடந்தது.

அப்பா முப்பது வருஷம் காப்பாற்றியதை ஒரு காலையில் கோட்டைவிட்டவன் என்று இவர் தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டார். யாரும் அப்படிச் சொல்லவில்லை. அன்றைக்கு ஊரே எல்லாவற்றையும் இழந்து நின்றது, காரைப் பற்றி யார் பேசப்போகிறார்கள்? ஆனால் இவர் அந்த வண்டியைக் கயிறு கட்டி இழுத்துவந்து எங்கள் வீட்டுப் பின்னால் நிறுத்திய நாளிலிருந்து துருவோடு சண்டை போட ஆரம்பித்தார்.

அந்தமானில் துருவோடு சண்டை போடுகிறவனை என்னவென்று சொல்வது? புரோத்ராபூர் கடற்கரை ஊர் இல்லை என்றாலும் காற்றுக்கு அது தெரிவதில்லை. வாசல் க்ரில், கட்டில் கால், ஃபேன், கேஸ் அடுப்பின் அடி, எல்லாம் இரண்டு மழைக்காலம் தாங்கினால் அதிகம். கண்ணாடி ஜன்னலில் வெள்ளையாக உப்பு படியும், துடைப்போம், மறுபடி படியும். இதெல்லாம் எங்களுக்கு வெயில் மழை மாதிரி. இவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் சாதா இரும்பு போல்ட் போட்டார், துருப்பிடித்தது. துத்தநாகம் பூசியதைப் போட்டார், அதுவும் பிடித்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டார். ஒரு வருஷத்தில் அதன்மேலும் டீக்கறை மாதிரி பழுப்புப் புள்ளிகள். அன்றைக்கு ஸ்பானரைத் தரையில் எறிந்தார். அதன்பிறகுதான் டைட்டானியம் வந்தது.

"விசாலம், இது கடல்ல நூறு வருஷம் கிடந்தாலும் ஒண்ணும் ஆவாது. பக்கா. சாமான்னா இது சாமான்" என்றார்.

சென்னையில் பழைய உலோகம் விற்கிற ஒருவரைப் பிடித்து, தடித்த கம்பிகளாக வரவழைத்தார். கப்பல் தள்ளிப்போகும், புயல் வரும், கம்பி ஹார்பரில் கிடக்கும். அது வந்து சேரும்வரை வீட்டில் மனிதனோடு பேச முடியாது. செகண்ட் ஹாண்ட் லேத் ஒன்றும் கப்பலில் வந்து இறங்கியது. என் துணி துவைக்கிற இடத்தில் அதற்குத் தகரக் கூரை போட்டார்கள். துணி துவைக்க நான் தெருக்குழாய் பக்கம் போனேன்.

இந்த டைட்டானியத்தைப் போல அடாவடியான உலோகத்தை நான் பார்த்ததில்லை. பார்த்துப் பார்த்து எனக்கே பாடமாகிவிட்டது. மெதுவாகக் கடைய வேண்டும், ஆனால் நிறுத்தக் கூடாது. கடைகிற உளி ஒரு நொடி ஓரிடத்தில் நின்று உராய்ந்தாலும் அந்த இடம் இறுகிப்போகும். அப்புறம் அதில் எந்த உளி பட்டாலும் உளிதான் உடையும். எங்கள் ஊரிலோ கரண்ட் டீசல் மிஷினிலிருந்து வருகிறது. எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. இவர் காலை நாலரைக்கே, சூரியன் எழும்பும் நேரத்தில், லேத்தைப் போடுவார். அந்த நேரம் கரண்ட் நன்றாக இருக்குமாம். ஆறு மணிவாக்கில், ஒரு போல்ட் முக்கால்வாசி முடிந்திருக்கும்போது, டப்பென்று நிற்கும். உடனே ஒரு சத்தம் கேட்கும்.

"லைட் பந்த் ஆயிடுச்சு! கதம்! எல்லாம் முடிஞ்சுது!"

நான் சமையலறையில் தலையில் கைவைத்துக்கொண்டு நிற்பேன். இதில் மனசுக்குள் வருத்தமும் உண்டு, எரிச்சலும் உண்டு. எது முதலில் வரும் என்பது அன்றைக்குச் சட்னி அரைத்தாயிற்றா இல்லையா என்பதைப் பொறுத்தது.

சக்கரத்துக்கு வேண்டிய நட்டுகள் செய்ய நாலு மாதம் ஆயிற்று. கதவின் கீல் ஆணிகள், சைலன்சரைத் தொங்கவிடும் கொக்கிகள், பெட்ரோல் மூடி, எல்லாம் இவர் கையால் கடைந்தவை. ஒருமுறை கடைந்து விழுந்த சுருள் குவியலில் தீப்பிடித்தது. சாதாரணத் தீ இல்லை, கண் கூசும் வெள்ளை வெளிச்சம். நான் வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "தண்ணி வேணாம்! தண்ணி ஊத்துனா வெடிக்கும்! மண்ணு, மண்ணு!" என்று இவர் கத்தினார். என் ரோஜாத் தொட்டியைக் கவிழ்த்து அதன் மண்ணைப் போட்டு அணைத்தோம். அந்த ரோஜா அதற்குமுன் ஒரே ஒரு பூ பூத்திருந்தது. அன்று மத்தியானம்வரை நான் இவரோடு பேசவில்லை.

இப்படியே பத்து வருஷம். என்ஜின் ஓடியது. சும்மா நின்ற இடத்தில் ஓடும், இவர் காதை வைத்துக் கேட்பார், நிறுத்துவார். ரோட்டில் இறக்கலாமே என்று நான் கேட்டால், "இன்னும் நாலு இடத்துல இரும்பு இருக்கு, அதை மாத்திட்டு" என்பார். நாலு மாறியதும் வேறு நாலு கண்ணில் படும். ரோட்டில் இறக்கினால் உப்புக்காற்று படுமே என்ற பயம்தான், எனக்குத் தெரியும். ஓடாத காருக்குத் துருப்பிடிக்காத போல்ட் செய்து செய்து என் கணவருக்கு ஐம்பத்துநாலு வயதாயிற்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியைத் துடைப்பது என் வேலை. வேறு யாரையும் தொடவிடமாட்டார். பானெட்டைத் திறந்து, ஈரத்துணியால் ஒவ்வொரு போல்ட் தலையையும் துடைப்பேன். முன்பக்கம் அடியில், ஸ்டீயரிங் கம்பியைச் சட்டத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் இரண்டு அலுமினியக் கட்டைகள் உண்டு. கட்டைக்கு நாலாக எட்டு டைட்டானியம் போல்ட். இவருடைய வேலையிலேயே அழகானவை அந்த எட்டும்தான். நீல நிறத்தில் ஜொலிக்கும். அவற்றைச் சுற்றி மட்டும் வாராவாரம் வெள்ளைப் பொடி வளையமாகப் படிந்திருக்கும். துடைப்பேன். அடுத்த வாரம் மறுபடி இருக்கும். ஒருநாள் கேட்டேன்.

"ஏங்க, இங்க மட்டும் ஏன் இவ்வளவு உப்பு?"

இவர் லேத்திலிருந்து தலையைத் திருப்பவே இல்லை. "கடல் ஊர்ல உப்பு படியாம சக்கரையா படியும்? சலோ, தொடைச்சு விடு" என்றார்.

அதுவும் சரிதானே என்று துடைத்தேன். மூன்றரை வருஷம் துடைத்தேன்.

போன நவம்பரில் டிரான்ஸ்போர்ட் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. பழைய வண்டிகளின் பதிவை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாம். பிப்ரவரி இருபத்தெட்டுக்குள் வண்டியை ஓட்டிவந்து காட்ட வேண்டும். பிரேக், ஸ்டீயரிங், லைட் எல்லாம் சரியாக இருந்தால் ஐந்து வருஷத்துக்குப் பதிவு. வராத வண்டியின் பெயர் நீக்கப்படும், பிறகு சேர்க்க வழியில்லை. அதாவது, அதற்கப்புறம் அது கார் இல்லை, பழைய இரும்பு. என் மாமனார் பெயரில் தொடங்கிய அந்த நம்பரும் போய்விடும்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். கடைசியில் ஒருவர் இவருக்குக் கெடு வைத்தாரே! நான் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டேன். இவர் மூன்று மாதம் தூங்கினாரா என்றே தெரியாது. பிரேக் முடிந்தது, லைட் முடிந்தது. பிப்ரவரி பதினாறு, ஞாயிறு காலை, ரோட்டில் இறக்கிப் பார்க்கலாம் என்று தானாகவே சொன்னார். நான் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு வந்து நின்றேன்.

வண்டியைப் பின்னால் எடுத்து, வீட்டு வாசலுக்கு நேராகத் திருப்பினார். ஸ்டீயரிங்கை ஒடித்தார். உள்ளே படக் என்று ஒரு சத்தம். ஸ்டீயரிங் சுற்றியது, சக்கரங்கள் திரும்பவில்லை. வண்டி நேராகப் போய்த் தென்னை மரத்தில் மெதுவாக முட்டி நின்றது.

பானெட்டைத் திறந்தோம். ஒரு கட்டை இரண்டாக உடைந்திருந்தது. இவர் விரலால் தொட்டார். டீயில் ஊறிய ரஸ்க் போல அலுமினியம் உதிர்ந்தது. எட்டு போல்ட்டும் அப்படியே புதுசாக, நீலமாக, ஒரு கீறல் இல்லாமல் நின்றன. அவற்றைச் சுற்றியிருந்த கட்டைதான் வெள்ளைப் பொடியாகிவிட்டது.

இவர் மண்ணில் உட்கார்ந்தார். முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு இவரே மெதுவாகச் சொன்னார், ஏதோ வேறு ஒருவருக்கு நடந்ததைச் சொல்வதுபோல.

"படகு அடியில ஜிங்க் கட்டி வைப்போம்ல. ரெண்டு உலோகம் ஒட்டிக்கிட்டு இருந்து, நடுவுல உப்புத்தண்ணி பட்டா, பலமானது தப்பிக்கும், எளைச்சதைக் கடல் தின்னுடும். ப்ரொப்பெல்லர் தப்பிக்கணும்னு ஜிங்க்கைத் தின்னக் கொடுப்போம். முப்பது வருஷமா நான் மாத்துறேன் விசாலம். எத்தனை படகு! டைட்டானியத்தைக் கொண்டுவந்து அலுமினியத்துல முறுக்கியிருக்கேனே. எனக்குத் தெரியும். எனக்கு இது தெரியும்."

"அப்ப அந்த வெள்ளைப் பொடி?"

"உப்பு இல்ல. அலுமினியம்."

வாராவாரம் அதைத் துடைத்து எறிந்தவள் நான். ஈரத்துணியால் வேறு துடைத்திருக்கிறேன். துடைக்காமல் விட்டிருந்தால், அது குவிந்து கிடப்பதை ஒருநாள் இவர் கண் பார்த்திருக்கும். படகில் பார்த்த வெள்ளைப் பொடியை இவருக்கு அடையாளம் தெரியாமல் இருந்திருக்காது. இந்த ஊரில் வெள்ளையாக எது படிந்தாலும் எங்களுக்கு உப்புதான். யாரும் குனிந்து பார்ப்பதில்லை. இதையெல்லாம் நான் சொன்னேன். இவர் ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன், கொஞ்சம் ஆறியிருக்கும்.

நாலு நாள் இவர் பின்பக்கமே போகவில்லை. பட்டறைக்குப் போனார், வந்தார், டிவி முன்னால் உட்கார்ந்தார். காலை நாலரைக்கு லேத் சத்தம் இல்லாமல் எனக்குத் தூக்கம் கலைந்தது. சத்தம் வந்தபோது திட்டினேன், வராதபோது அதற்காக எழுந்து உட்கார்ந்திருக்கிறேன், என் தலையெழுத்தைப் பாருங்கள். காலண்டரில் வட்டத்துக்கு எட்டே நாள் இருந்தது.

வியாழக்கிழமை ஸ்கூல் விட்டதும் நான் நேராக அபெர்டீன் பஜாருக்குப் போனேன். ஹார்டுவேர் கடையில் எட்டு சாதா இரும்பு போல்ட் வாங்கினேன். அளவுக்கு, என் பரீட்சைத் தாள்மேல் இருக்கும் கல்யாண நாள் போல்ட்டையே கொண்டுபோயிருந்தேன். கடைக்காரர் பேப்பரில் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அதை இவர் மடியில் வைத்தேன்.

"இது என்ன?"

"இரும்பு. இது கட்டையை அவ்வளவு சீக்கிரம் தின்னாதுல்ல? இதைப் போட்டு முறுக்குங்க."

பொட்டலத்தைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "பாகல் ஆயிட்டியா? பைத்தியமா உனக்கு? ஒரு வருஷத்துல துருப்புடிச்சு உள்ளயே ஒடையும்."

"ஒடையட்டும். ஒடையறதுக்கு முன்னாடி கழட்டி எறிஞ்சுட்டு வேற போடுங்க. அந்தக் கடைல டப்பா டப்பாவா இருக்கு."

"நீ புரியாம பேசுற."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. "நானா? இந்த வீட்ல ஃபேன் துருப்புடிச்சுது, கட்டில் துருப்புடிச்சுது, வாசல் க்ரில் கையோட வந்துது. ஒண்ணையாவது திரும்பிப் பாத்தீங்களா? ஓடாத காருக்கு மட்டும் நூறு வருஷம் உழைக்கிற போல்ட்டு. நூறு வருஷம் கழிச்சு யாருங்க உக்காரப்போறாங்க அதுல? நீங்களா நானா? நான் கல்யாணமாகி இருபத்திரெண்டு வருஷமா நல்ல சேலை கட்டிக்கிட்டு நிக்கிறேன்."

கடைசி வாக்கியம் நான் சொல்ல நினைத்தது இல்லை, தானாக வந்துவிட்டது. இவர் டிவியை நிறுத்தினார். பிறகு என்னைப் பார்க்காமல் பேசினார்.

"அன்னிக்கு வண்டி ஓடிட்டு இருந்துச்சு விசாலம்."

"என்னிக்கு?"

"சுனாமி அன்னிக்கு. ஞாயித்துக்கிழமைல? காலைல போயி அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைப்பேன்ல. சீட்ல உக்காந்திருந்தேன். பூமி ஆடுச்சு. கொஞ்ச நேரங்கழிச்சு தண்ணி, தண்ணின்னு ஜனம் மேல ஓடுது. நான் என்ஜினை அணைச்சேன். சாவியை எடுத்துப் பாக்கெட்ல போட்டேன். எறங்கி ஓடிட்டேன். எறங்கும்போது அணைக்கணும்னு அப்பா பழக்கியிருந்தார். அந்த நேரத்துலயும் ஒழுங்கா அணைச்சுட்டு ஓடுனேன் பாரு. கியரைப் போட்டு மேட்டுல ஏத்தியிருந்தா ரெண்டு நிமிஷம். ரோடு காலியாத்தான் இருந்துச்சு. பயம். கை கால் வரல."

எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. உயிரோடு வந்தாரே என்று அன்றைக்கு நான் சாமிக்கு எத்தனை விளக்கு ஏற்றினேன்! அதை ஒரு குற்றமாகப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு இருபது வருஷம் திரிந்திருக்கிறார்.

"இதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருந்தா என்ன? இந்த லேத்தாவது வராம இருந்திருக்கும்ல!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு பெங்காலி அம்மா ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

இவர் பொட்டலத்தைப் பிரித்து ஒரு போல்ட்டைக் கையில் உருட்டினார். "மரை மோசமா இருக்கு" என்றார். அதைச் சொன்ன விதத்தில், போடப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் பட்டறையில் முதலாளியிடம் கேட்டு அலுமினியக் கட்டி ஒன்று வாங்கிவந்தார். அலுமினியம் வெண்ணெய் மாதிரி கடைபடுகிறது என்று அலுத்துக்கொண்டார், அதில் கௌரவம் இல்லையாம். ஐந்து நாளில் இரண்டு கட்டையும் தயார். இரும்பு போல்ட்டுகளுக்குக் கிரீஸ் தடவி முறுக்கும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பிப்ரவரி இருபத்தேழு, வியாழன். நான் லீவு போட்டேன். வண்டியின் பெயர் தப்புமா தப்பாதா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும். நான் பக்கத்தில் உட்கார, புரோத்ராபூரிலிருந்து போர்ட் பிளேர்வரை இவர் இருபதுக்கு மேல் போகவில்லை. ஆட்டோக்காரர்கள் எங்களைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்தார்கள். ஆபீசில் இன்ஸ்பெக்டர் பானுமதி மேடம், வயதில் சின்னவர், கண்டிப்பானவர். இவரை டெலானிபூர் ஏற்றத்தில் கொண்டுபோய் நடுவில் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினார். பிரேக்கை விடாமல் ஒரு நிமிஷம் பிடிக்கச் சொன்னார். பிடித்தார். இறக்கத்தில் வளைத்து வளைத்து ஓட்டச் சொன்னார். நான் ரோட்டோரத்தில் நின்று எத்தனை சாமியைக் கூப்பிட்டேன் என்று கணக்கே இல்லை.

அப்புறம் மேடம் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "எல்லாம் டைட்டானியம்னு ஃபைல்ல எழுதியிருக்கீங்க. ஸ்டீயரிங்ல மட்டும் ஏன் சார் இரும்பு?"

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அங்க அதுதான் மேடம் சரி" என்று நான் சொன்னேன்.

"சரிதான். ஆனா மாசா மாசம் பாக்கணும், கிரீஸ் வைக்கணும், வருஷத்துக்கு ஒருதடவ மாத்தணும். டீக் ஹை, சரியா?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஐந்து வருஷம்.

இவர் அந்தத் தாளை மூன்று முறை வாசித்தார். எனக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும் போலிருந்தது. வண்டியில் ஏறி உட்கார்ந்து, "வண்டூர் பீச்சுக்குப் போலாங்க" என்றேன்.

"வண்டூரா? நேரா வீட்டுக்குத்தான்."

"ஏன்?"

"கடல் காத்து விசாலம். போல்ட்டுல கிரீஸ் கொஞ்சமாத்தான் வச்சேன். வீட்டுக்குப் போயி வண்டியைப் பலகைமேல ஏத்திட்டு..."

பலகைமேல்! என் காதையே நம்ப முடியவில்லை. காராச்சர்மா பஜாரில் ஜனக் கூட்டத்துக்காக வண்டி மெதுவாகி நின்றது. நான் கதவைத் திறந்து இறங்கிவிட்டேன். டைட்டானியம் கீல் ஆணியில் கதவு சத்தமே போடாமல் திறந்தது. இவர் கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் ரோட்டைக் கடந்து, வண்டூர் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கண்டக்டர் வந்ததும் ஒரே ஒரு டிக்கெட் வாங்கினேன்.

வண்டூரில் படகுத்துறைக்குப் பக்கத்தில், முதலை எச்சரிக்கைப் பலகையைத் தாண்டி, கரையில் விழுந்து கிடந்த ஒரு மரத்தில் உட்கார்ந்தேன். இளநீர் குடித்தேன். கடலைப் பார்க்கவே பிடிக்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து, பின்னாலிருந்து யாரோ மணலில் நடந்து வருகிற சத்தம். இவர்தான். சட்டை வியர்வையில் நனைந்து, ஷூவெல்லாம் மணல்.

"வண்டி எங்க?"

"ஸ்கூல் பக்கத்துல, மரத்தடியில நிறுத்தியிருக்கேன். இங்க காத்து ஜாஸ்தி."

அரை கிலோமீட்டர் நடந்து வந்திருக்கிறார். சிரிப்பதா, பக்கத்தில் கிடந்த தேங்காய் மட்டையை எடுத்து எறிவதா? இந்த மனிதர் இன்னும் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும் சிப்பிகாட் நிலத்தைத் தாண்டித்தானே வந்திருக்க வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. இருபது வருஷமாக இவர் அந்த ரோட்டில் பஸ்ஸில்கூட வந்ததில்லை.

"போய் எடுத்துட்டு வாங்க" என்றேன். "இங்க, எனக்கு முன்னாடி நிறுத்துங்க. இல்லாட்டி நான் பஸ்ல வீட்டுக்குப் போறேன். அப்புறம் அந்த வண்டியில என்னைக்கும் ஏற மாட்டேன்."

இவர் கடலைப் பார்த்தார். பிறகு வந்த வழியே போனார். திரும்பி வருவார் என்று எனக்கு நிச்சயம் இல்லை. நாலரை மணிக்கு வெயில் சாய்ந்துவிட்டது, சுற்றுலாக்காரர்கள் கிளம்ப ஆரம்பித்தார்கள்.

என்ஜின் சத்தம் முதலில் கேட்டது. அப்புறம் பச்சை தெரிந்தது. ரோடு முடிகிற இடம்வரை வந்து, மூக்கு கடலைப் பார்க்க நிறுத்தினார். இறங்கவில்லை. இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்தது. நான் போய்ப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். காற்று நேராக முகத்தில் அடித்தது. உதட்டில் உப்புக் கரித்தது.

இவர் என்ஜினை அணைக்கவில்லை. கால் கிளட்சில் அழுந்தியிருந்தது, கியர் ரிவர்சில் இருந்தது. தண்ணீர் வந்தால் இந்தத் தடவை வண்டியோடு ஓடத் தயார். ஆனால் வண்டி நகரவில்லை. பெட்ரோல் வீணாகிறதே என்று எனக்கு வாய்வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.